கோ கொடுத்தவள் பெயர்

1984 ஆகஸ்ட் மாதம். லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷாவுக்கு வெண்கலம் கைநழுவிப்போன செய்தி சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணுக்கு 55.41 விநாடி, உஷாவுக்கு 55.42. எங்கள் பி.டி. டீச்சர் செய்தித்தாளை நான்காக மடித்து எடுத்துவந்து, மைதானத்து வேப்பமரத்தடியில் எங்களை உட்காரவைத்து ஒரு வரி விடாமல் வாசித்தார். ஒரு விநாடியை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவு நேரம் டீச்சர் என்று ஒருத்தி கேட்டாள். டீச்சர் கண்ணை ஒருமுறை சிமிட்டிக் காட்டி, "இதுக்குள்ளயே அந்த மாதிரி பத்துக்கு மேல அடங்கிடும்" என்றார். பிறகு ஒரு குச்சியை எடுத்து மண்ணில் இரண்டு பெயர்களை எழுதினார். ஒன்று உஷா. இன்னொன்று நம்பியார்.

"இவரு யாரு டீச்சர்?"

"ஓட வச்சவரு."

ஓடுகிறவளுக்குப் பின்னால் பயிற்சியாளர் என்று ஒருவர் உண்டு, அவருக்கும் பெயர் உண்டு என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அடுத்த வருடம், 1985-இல், மத்திய அரசு பயிற்சியாளர்களுக்கென்று துரோணாச்சாரியார் விருதை ஏற்படுத்தியது. முதல் தடவை அதைப் பெற்ற மூவரில் ஓ.எம். நம்பியாரும் ஒருவர். வீரர்களுக்கான அர்ஜுனா விருது 1961-லேயே வந்துவிட்டது. சீடனுக்கு விருது கொடுத்து 24 வருடம் கழித்துத்தான் குருவுக்குக் கொடுக்கவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. எங்கள் டீச்சருக்கு அது முன்பே தோன்றியிருந்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

நான் படித்தது சிதம்பரத்தில் பெண்களுக்கான ஓர் உயர்நிலைப் பள்ளி. மைதானம் என்று சொல்லப்பட்ட இடம் வயலாக இருந்து மேடாக்கப்பட்ட களிமண் பூமி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் கால் வைத்தால் கணுக்கால் வரை இழுக்கும். டீச்சர் யார் யாரையோ பார்த்துப் பேசி, கொள்ளிடத்து மணலை மாட்டு வண்டிகளில் கொண்டுவந்து கொட்டச் செய்தார். நாங்கள் பாவாடை மடியில் அள்ளி அள்ளிப் பரப்பினோம். அந்த மணல் விரித்த நீளத் துண்டு ஒன்றுதான் எங்கள் கோ-கோ களம். இரண்டு முனையிலும் சவுக்குக் கம்பம். வருடத்துக்கொரு முறை அதைப் பிடுங்கிச் சீவி, எங்கள் கைகளைக் கிழிக்காதபடி வழவழப்பாக்கி மறுபடி நடுவார். அந்த வேலைக்கு ஆள் வைக்கப் பள்ளியில் பணம் இருக்கவில்லை. உளியும் அவரே, சுத்தியலும் அவரே.

டீச்சர் ஒல்லியாக, உயரமாக இருப்பார். கைத்தறிச் சேலைக்குக் கீழே வெள்ளை கான்வாஸ் ஷூ. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். தாவணி போட ஆரம்பித்துவிட்ட பெண்ணை ஓடவிட மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டால், சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். வாதாட மாட்டார். அந்தப் பெண்ணின் அம்மாவிடம், "நீங்க சின்ன வயசுல என்னா ஆடுவீங்க?" என்று கேட்பார். பாண்டி, கிளித்தட்டு என்று அம்மா ஆரம்பிப்பாள். அரை மணி நேரத்தில் அனுமதி கிடைத்துவிடும். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார். எங்கள் ஆயா அவருக்கு வேகவைத்த மல்லாட்டையை ஒரு படி அளந்து மடியில் கொட்டினாள். ஆயாவுக்குத் தொழிலே அதுதான். பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே கூடை வைத்து மல்லாட்டை, இலந்தைப் பழம், அந்தந்தப் பருவத்துக்கு நாவற்பழம் விற்பாள்.

கோ-கோ தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. துரத்தும் அணியில் ஒன்பது பேர். எட்டுப் பேர் நடுக்கோட்டில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாமவள் துரத்துவாள். ஓடும் அணியிலிருந்து மூன்று மூன்று பேராக உள்ளே வருவார்கள். ஓடுகிறவள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே புகுந்து புறப்படலாம். துரத்துகிறவள் புக முடியாது, கம்பத்தைச் சுற்றித்தான் மறுபக்கம் போகமுடியும், ஒரு திசையில் கிளம்பிவிட்டால் திரும்பவும் கூடாது. ஆகவே அவள் செய்யக்கூடியது ஒன்றுதான். மறுபக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி "கோ" சொல்லிவிட்டு, அவள் இடத்தில் தான் உட்காருவது. எழுந்தவள் பாய்வாள். இப்படிக் கைமாறிக் கைமாறி, கடைசியில் யாரோ ஒருத்தியின் விரல் எதிராளியின் தோளில் படும். விசில் ஊதும். ஸ்கோர் ஷீட்டில் அந்த விரலுக்குரியவளின் எண்ணை எழுதிக்கொள்வார்கள்.

டீச்சருக்கு இதில் உடன்பாடு இல்லை. ஸ்கோர் ஷீட்டை மாற்ற அவரால் முடியாது. அதனால் சொந்தமாக ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டார். தொட்டவள் பெயருக்கு முன்னால், அவளுக்குக் கோ கொடுத்தவள் பெயர். அவளுக்கும் முன்னால் கொடுத்தவள் பெயர். அம்புக்குறி போட்டு அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு அவுட்டுக்கும் ஒரு வம்சாவளி. நான் அந்த வருடம் பன்னிரண்டு பேர் அணியில் வெளியே உட்காரும் மூவரில் ஒருத்தி. எனவே நோட்டு என் மடிக்கு வந்தது. ஆட்டத்தை ஆடிப் பார்ப்பது ஒன்று, எழுதிப் பார்ப்பது இன்னொன்று. யார் வேகமானவள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. யார் சரியான நொடியில் கோ கொடுக்கிறாள் என்பது அந்த நோட்டைப் பார்த்தால்தான் தெரியும். கைதட்டல் வாங்காத இரண்டு மூன்று பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டே இருந்தன.

ஒரு நாள் பயிற்சியை நிறுத்திவிட்டு எங்களைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். கோபுர வாசலின் உட்சுவரில் மேலும் கீழுமாக நிற்கும் கரணச் சிற்பங்கள் சிதம்பரத்துப் பிள்ளைகள் தினமும் கடந்து போகிறவைதான். நின்று பார்த்ததில்லை. டீச்சர் முழங்கால்களைக் காட்டினார். அநேகமாக எந்தச் சிற்பத்திலும் ஊன்றிய முழங்கால் விறைப்பாக இல்லை. "பாரு, எல்லாரும் மடிச்சு நிக்கறாங்க. நேரா நிக்கறவ எந்தப் பக்கமும் சட்டுனு போக முடியாது" என்றார். தீட்சிதர் ஒருவர் எங்களை வியப்போடு பார்த்துக்கொண்டு போனார். 1981-லிருந்து மகா சிவராத்திரி சமயத்தில் அங்கே நாட்டியாஞ்சலி நடந்துகொண்டிருந்தது. ஆடும் கால்களுக்கு மரியாதை தெரிந்த ஊர்தான். எங்கள் கால்களும் அந்தக் கணக்கில் சேரும் என்று டீச்சர் நம்பினார்.

அப்போது தென்னாற்காடு ஒரே மாவட்டம். 1993 செப்டம்பர் 30-இல்தான் கடலூர், விழுப்புரம் என்று இரண்டாயிற்று. திண்டிவனம், கள்ளக்குறிச்சி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி என்று எல்லா இடத்துப் பள்ளிகளும் மாவட்டப் போட்டிக்குக் கடலூருக்குத்தான் வரவேண்டும். மீட்டர் கேஜ் ரயில். விடிவதற்கு முன் சிதம்பரம் ரயிலடியில் டீச்சர் எங்களை எண்ணி எண்ணி ஏற்றினார். கிள்ளையில் ஒருத்தி ஏறினாள். எங்கள் அணியில் தினமும் ரயிலில் வந்து படித்தவள் அவள் மட்டும்தான். வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி தடதடக்கும்போது கழிமுகத்துச் சேற்று வாடையும் உப்புக் காற்றும் ஜன்னல் வழியே அடித்தன. பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், கடலூர் துறைமுகம். திருப்பாப்புலியூரில் இறங்கினோம். சிதம்பரத்திலிருந்து கட்டிக்கொண்டு போன இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும் ரயிலடி சிமெண்டு பெஞ்சில் தீர்ந்தது. பிறகு கெடிலம் பாலத்தைத் தாண்டி மஞ்சக்குப்பம் மைதானம் வரை இரண்டு இரண்டு பேராக நடை.

மஞ்சக்குப்பம் மைதானத்தின் பரப்பைப் பார்த்ததும் எங்கள் வாய் அடைத்துப்போனது. எங்கள் மணல் துண்டைப்போல எத்தனை அதில் அடங்கும் என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னோம். சுண்ணாம்புப் பொடியில் கோடுகள். ஒரு மூலையில் கபடி, ஒரு மூலையில் எறிபந்து, வளையப்பந்து. நெய்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அணி வெள்ளைச் சட்டை, நீல அரைப்பாவாடை, கான்வாஸ் ஷூ என்று ஒரே சீராக நின்றது. நாங்கள் ஆளுக்கொரு நிறத்தில், வெறுங்காலில். டீச்சர் தன் ஷூவையும் கழற்றி மர நிழலில் வைத்துவிட்டு எங்களோடு வெறுங்காலில் நின்றார்.

இறுதி ஆட்டம் அந்த அணியோடுதான். அதை முழுக்கச் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு அவுட்டை மட்டும் சொல்கிறேன். கடைசி நிமிடம். அவர்களுடைய மிகச் சிறந்த ஓட்டக்காரி உள்ளே இருக்கிறாள். எங்கள் கேப்டன் அக்கா துரத்திக்கொண்டு போய்க் கிள்ளைக்காரிக்குக் கோ கொடுத்தாள். கிள்ளைக்காரி எங்கள் அணியிலேயே மெதுவானவள். எழுந்தாள், துரத்தினாள், அடுத்து உட்கார்ந்திருந்தவளின் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டாள். கோ கொடுக்கவில்லை. நாங்கள் வெளியிலிருந்து கத்துகிறோம், "குடுடி! குடுடி!" அவள் கொடுக்கவில்லை. எதிராளி இடைவெளிக்கு முன்னால் இடுப்பை ஆட்டிப் போக்குக் காட்டுகிறாள். அதற்கு ஏமாந்து முன்பே கோ கொடுத்திருந்தால் அவள் இந்தப் பக்கமே திரும்பிப் போயிருப்பாள். கிள்ளைக்காரி, எதிராளியின் பின்னங்கால் நடுக்கோட்டை முழுவதும் தாண்டும் வரை கையை ஓங்கியபடி காத்தாள். பிறகுதான் "கோ!" எழுந்தவளுக்கு நீட்டிய கை போதுமானதாக இருந்தது. மைதானத்து மூலையில் இருந்தவர்கள்கூட ஓடிவந்தார்கள். தொட்டவளைத் தூக்கிக்கொண்டு சுற்றினோம். ஸ்கோர் ஷீட்டில் அவள் எண். நான் நோட்டில் அம்புக்குறி போட்டு முன்னால் "கிள்ளை" என்று எழுதினேன். நாங்கள் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

திங்கட்கிழமை காலை இறைவணக்கக் கூட்டம். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், செய்தி. பிறகு தலைமையாசிரியை மைக்கில், கோ-கோவில் நம் பள்ளி மாவட்டத்தில் முதலிடம் பெற்றிருக்கிறது என்று சொல்லி, கேப்டனை மட்டும் அழைத்துக் கோப்பையைக் கொடுத்தார். கைதட்டல். அடுத்த அறிவிப்புக்குத் தாளைத் திருப்பினார். வரிசையின் ஓரத்தில் நின்றிருந்த டீச்சர் மேடைக்குப் போய் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். "அம்மா, இன்னும் பதினோரு பேரு இருக்காங்க."

"ஆடினது ஒம்போது பேர்தானே?"

"ஆடினது ஒம்போது பேரு. ஜெயிச்சது பன்னண்டு பேரும்மா."

மைக் இருந்த இடத்தில் பேசியதால் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. தலைமையாசிரியை சிரித்துவிட்டார். நல்லவர். ஒரு கணம் யோசித்து, கேப்டன் பெயரிலிருந்தே மறுபடி ஆரம்பித்து, இனிஷியலோடு, வகுப்போடு, பன்னிரண்டு பெயர்களையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஒவ்வொருத்தியாகப் போய் அந்தக் கோப்பையின் காதைத் தொட்டு நின்றோம். என் பெயர் பதினொன்றாவது.

பள்ளியின் கோன் ஸ்பீக்கர் தெருப் பக்கம் பார்த்துக் கட்டியிருந்தது. மதிலுக்கு வெளியே கூடையோடு இருந்த ஆயாவின் காதில் என் பெயர் விழுந்துவிட்டது. என்ன விஷயம் என்று அவளுக்குத் தெரியாது. மைக்கில் பேத்தியின் பெயர் வந்தால் ஏதோ விபரீதம் என்று பதறி, கேட்டுக்கு ஓடிவந்து வாட்ச்மேனைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். அவர் விளக்கிச் சொன்னதும் திரும்பிப்போய், அன்றைக்கு முதல் மணிக்குள் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் மல்லாட்டையை அள்ளிச் சும்மா கொடுத்தாள். என் அப்பாவுக்கு நான் ஓடுவதே அதுவரை பிடிக்காது. அன்றைக்குத் தெருவில் இரண்டு பேர் நிறுத்தி விசாரித்த பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னார்.

பரிசாக ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. சான்றிதழும் வந்தது. அதன் அடியில் வலது பக்கம் பெரிய அதிகாரியின் முத்திரையும் கையெழுத்தும். இடது மூலையில், உடற்கல்வி ஆசிரியர் என்று அச்சிட்ட சின்னக் கோட்டின் மேல் டீச்சரின் கையெழுத்து. அந்தத் தாளைக் காட்டித்தான் எங்களில் ஒருத்தி பின்னால் காவல்துறையில் சேர்ந்தாள். ஆனால் ஆண்டு விழா மேடையில், கேடயம் வாங்கிய நாளில், டீச்சர் மேடைக்குக் கீழே நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். வெற்றி பெற்றவர்கள் பெயரை மஞ்சள் பெயிண்டில் எழுதும் பலகையில் வருடம், பெயர், போட்டி என்று மூன்று பத்திகள்தான் இருந்தன. நான்காவதாக ஒரு பத்தி வேண்டும் என்று எங்களுக்காவது தோன்றியிருக்கலாம். சின்னப் பிள்ளைகள். தோன்றவில்லை. பிறகு அவருக்கு மாறுதல் வந்தது, போய்விட்டார். நோட்டும் அவரோடு போனது.

இதே பழைய தென்னாற்காட்டில், விழுப்புரத்துக்குப் பக்கத்தில் அரசலாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு சண்டைச் சேவலுக்கு நடுகல் உண்டு. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை என்கிறார்கள். அந்தச் சேவல் எந்த ஊரின் எந்தச் சேரிக்காகப் போரிட்டது என்பதைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். முகையூர் மேற்சேரி. ஆடியதையும் எழுதினார்கள், யாருக்காக ஆடியது என்பதையும் எழுதினார்கள். இவ்வளவு நுணுக்கமாக மரியாதை செய்யத் தெரிந்த மண்ணில் ஒரு மரப்பலகைக்கு நான்காவது பத்தி கிடைக்காதது எனக்கு ஆறாத குறை.

கடலூரைப் பற்றிய செய்தி எது வந்தாலும் நான் விடாமல் படிப்பேன். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தக் கரையை அடித்துப்போட்ட பிறகு, கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுக்கத் தொடங்கியதைப் படித்தேன். பேரலையில் பெற்றவர்களை இழந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி என்ற பெயரில் அந்த அணி இந்திய மகளிர் லீக் வரை போனது. அங்கே வளர்ந்த சுமித்ரா காமராஜ் இந்தியாவுக்காக ஆடினார். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனார்கள். அந்த இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர்களில் ஒருவர் கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2023-24க்கான இந்தியாவின் சிறந்த கால்பந்து வீராங்கனை என்ற விருது அவருக்குக் கிடைத்த செய்தி வந்த அன்று ராத்திரி, எங்கள் கேப்டன் அக்கா நெய்வேலியிலிருந்து போன் செய்தாள். எடுத்த எடுப்பில், "ஏண்டி, கடலூர்ல இந்தப் புள்ளைங்கள ஆட வச்சது யாருன்னு பேரு போட்டிருக்கானா?" என்றாள். மாரியப்பனைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். "ஆங், அந்தப் பேர எழுதி வச்சுக்க" என்றாள். பழக்கம் போகவில்லை.

2025 ஜனவரியில் புது தில்லியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நடந்தபோது நாங்கள் ஏழெட்டுப் பேர் போனிலேயே சேர்ந்து பார்த்தோம். மணல் இல்லை, மேட். சவுக்குக் கம்பம் இல்லை. பெண்கள் அணியும் ஆண்கள் அணியும் இறுதியில் நேபாளத்தை வென்றன. திரையில் தொட்டவள் பெயர் ஒவ்வொரு தடவையும் மின்னிக்கொண்டே இருந்தது. "இவளுக்குக் கோ குடுத்தது யாரு, அத காட்ட மாட்டேங்கறானே" என்று ஒருத்தி குழுவில் குரல் பதிவு போட்டாள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அந்த நாற்பது பக்க நோட்டு ஞாபகம் வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தோம். எங்கள் பள்ளிக்கு ஒரு பலகை செய்து கொடுக்கிறோம். டீச்சர் இன்று இல்லை. அவர் பெயர் மேலே, அதற்குக் கீழே பன்னிரண்டு பெயர்கள், ஆடியவர்கள் உட்கார்ந்தவர்கள் என்ற பேதம் இல்லாமல். ஆண்டு விழாவில் திரை விலக்கி, இறைவணக்கத்தில் இனிஷியலோடு ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இப்போதிருக்கும் தலைமையாசிரியை உடனே ஒப்புக்கொண்டார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பணம் சேர்ந்துவிட்டது. பெயின்டரும் தயார். பதினொரு பெயர்கள் கிடைத்துவிட்டன. கிள்ளைக்காரியின் பெயர் மட்டும் எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. அவள் அப்பா கிள்ளை ரயிலடிக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தார், பத்தாவது முடிந்ததும் மாயவரம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள், இவ்வளவுதான் தெரியும். பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். தேர்வு முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்கள். கேப்டன் அக்கா அதுவரை பொறுக்க மாட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கிள்ளைக்குப் போய்ப் பழைய ஆட்களிடம் விசாரிக்கிறோம்.